மின்சார ஸ்கூட்டர்: சாலையில் இறக்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

"லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்ஷூரன்ஸும் வேண்டாம்" என்ற விளம்பரத்தை நம்பி மின்சார ஸ்கூட்டர் வாங்குவோர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பலர் உள்ளனர். அந்த வாக்கியம் ஒருவகை வண்டிக்கு மட்டுமே உண்மை. எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன், வாங்கவிருக்கும் வண்டி எந்த வகை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் விதி 2(u) இதற்கான எல்லையை வகுக்கிறது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி) 0.25 கிலோவாட்டுக்கும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. தகுந்த பிரேக்குடன், முன்புறம் வெள்ளை, பின்புறம் சிவப்பு பிரதிபலிப்பான்களும் இருக்க வேண்டும். இவை அனைத்தும் பொருந்துவதாக அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் சான்றளித்திருந்தால் மட்டுமே அவ்வண்டி சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனம் அல்ல. ஆகவே விற்பனையாளரின் வாய்மொழியைக் கேட்டுத் திருப்தி அடையாமல், புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிறுவனம் அந்த மாடலுக்கு வழங்கிய சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பின்சக்கர மோட்டாரின் மேல் பொறித்திருக்கும் வாட் அளவையும் பில்லில் எழுதியிருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சான்றைக் காட்டத் தயங்கும் கடையில் வாங்காமல் திரும்புவதே நல்லது.

சிக்கல் பெரும்பாலும் வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏற இந்தச் சிறிய மோட்டார் திணறும். தொப்பூர் கணவாய்ப் பக்கம் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உடனே மெக்கானிக்கிடம் சென்று, கன்ட்ரோலரில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒயரைக் கழற்றச் சொல்கிறார்கள். வண்டி 40, 45 என்று ஓடத் தொடங்கியதும் விதி 2(u) தரும் விலக்கு பறிபோகிறது. பதிவு, காப்பீடு என எதுவுமே இல்லாத மோட்டார் வாகனமாக அது மாறிவிடுகிறது. அந்த நிலையில் யார் மீதாவது மோதினால், இழப்பீட்டுத் தொகை முழுவதையும் உரிமையாளர் தன் கைப்பணத்திலிருந்தே கட்ட வேண்டி வரும்.

அந்த எல்லையைக் கடந்த வண்டிகள் அனைத்தும், அதாவது போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் உள்ள பெரிய ஆலைகளிலிருந்து வெளிவரும் வழக்கமான வேக ஸ்கூட்டர்கள், பெட்ரோல் ஸ்கூட்டருக்குரிய கடமைகளுக்கு உட்பட்டவை. அவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்; வரிசை எண் தருமபுரிக்கு டி.என்.29, கிருஷ்ணகிரிக்கு டி.என்.24, ஓசூருக்கு டி.என்.70. சொந்த உபயோக வண்டிக்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்துகள் இருக்கும். மின் வாகனப் பதிவுச் சான்றிதழுக்கான கட்டணத்தை மத்திய அரசு 2021 ஆகஸ்டில் விலக்கிவிட்டது. எனவே பில்லில் 'பதிவுக் கட்டணம்' என்று தனித்தொகை இருந்தால் அது எதற்கு என்று கேட்பதில் தவறில்லை. புகைச் சான்றும் தேவையில்லை.

புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். ஓட்டுபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கியர் இல்லாத இருசக்கர வாகனத்துக்குரிய உரிமமும் வேண்டும். கார் உரிமம் மட்டும் உள்ளவர்கள் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள், ஏனெனில் அது ஸ்கூட்டருக்குச் செல்லாது. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து முப்பது நாள் கழித்தே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். பள்ளி மாணவரிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவை ஒருமுறை படிப்பது நல்லது: பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தும் அதில் உண்டு.

ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவரும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஹெல்மெட் அணிய வேண்டும். மீறினால் தலைக்கு 1,000 ரூபாய் அபராதம். குறைவேக வண்டிக்குச் சட்டம் வற்புறுத்தாவிட்டாலும், லாரிகள் விரையும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் அதை அணியாமல் செல்வது அறிவீனம். ஆவணங்களை டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ காட்டினால் போதும்.

எல்லையோர மாவட்டம் என்பதால் பெங்களூரிலிருந்து பழைய வண்டி வாங்குவோரும் உண்டு. கர்நாடகப் பதிவு எண்ணோடு இங்கே பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று அவசியமாதலால், விற்பவரிடம் முழுப் பணத்தையும் தருவதற்கு முன்பே அதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.