ஆஃபரில் உண்மையிலேயே லாபமா? கணக்கு போடுவது இப்படித்தான்

ஆஃபர் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கிற சதவீதத்தைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். பாக்கெட்டைத் திருப்பினால் எம்.ஆர்.பி. பக்கத்தில் பொடி எழுத்தில் கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்று போட்டிருக்கும். அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது, ஆஃபர் விலைக்கு நாம்தான் செல்போனை எடுத்து, கொடுக்கப்போகிற காசை எடையால் வகுக்க வேண்டும்.

ஷாம்பூவையே எடுத்துக்கொள்ளுங்கள். 180 மில்லி பாட்டில் 130 ரூபாய், 30% தள்ளுபடி போக 91 ரூபாய் என்றால் மில்லிக்கு சுமார் 50 காசு. பக்கத்தில் சரமாகத் தொங்குகிற ஒரு ரூபாய் பாக்கெட்டில் 6 மில்லி இருந்தால் மில்லிக்கு 17 காசுதான்! பெரிதாக வாங்கினால் மலிவு என்பது ஷாம்பூவில் பல நேரம் எடுபடாது. (கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் இந்தச் சின்னப் பாக்கெட் வியாபாரத்துக்கு முன்னோடி, அதனால் நமக்கு இதில் கொஞ்சம் உரிமை உண்டு.)

'மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்றால் நான்குக்கு மூன்று விலை, அதாவது 25% தள்ளுபடி, அவ்வளவுதான். நான்கும் காலாவதி ஆவதற்குள் தீருமா என்று தேதியையும் பாருங்கள், சோப்பு என்றால் பரவாயில்லை, பிஸ்கட், சாஸ் எல்லாம் அப்படி இல்லை.

ஆப்பில் வரும் கூப்பனில் '50% தள்ளுபடி' என்பதற்குக் கீழே '100 ரூபாய் வரை, குறைந்தது 499க்கு வாங்க வேண்டும்' என்று இருக்கும். அப்படியென்றால் 499க்கு வாங்கினால் கிடைப்பது 20%தான், அதற்கு மேல் வாங்க வாங்க சதவீதம் இன்னும் குறையும். உங்கள் கூடையில் 380 ரூபாய்க்குத்தான் சாமான் இருக்கிறது, வேண்டிய எண்ணெய் ஒன்று 119க்கு இருக்கிறது என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள், கூப்பன் போக 399 ஆகிவிடும், எண்ணெய் 19 ரூபாய்க்கு வந்த மாதிரி. கூப்பனுக்காகவே எதையாவது தேடிப்பிடித்துப் போட்டால் அந்த 19 ரூபாயும் தண்டம்தான். அப்புறம் டெலிவரி, ஹேண்ட்லிங் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருகிற கடைசித் தொகையைத்தான் தெருக்கடை விலையோடு ஒப்பிட வேண்டும். கேஷ்பேக்கைவிட அங்கேயே கழிகிற தள்ளுபடி எனக்குப் பிடிக்கும், கேஷ்பேக் அந்த ஆப்பின் வாலெட்டில் போய் உட்கார்ந்து, தேதி முடிந்ததும் காணாமல் போகும்.

'இன்னும் 5 நிமிடம்தான்' என்று ஓடுகிற கடிகாரத்துக்கு மசியாதீர்கள். பொய்யான அவசரம் காட்டுவதும், கேட்காத பொருளைக் கூடையில் போடுவதும் 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளின்படி கூடாது.

போன மாதம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ரேக்கில் 20% என்று ஒட்டியிருந்த துணிப்பவுடருக்குக் கவுண்டரில் முழு விலை போட்டுவிட்டார்கள். ரேக் அட்டையை போட்டோ எடுத்து வைத்திருந்ததால் பேச்சே இல்லாமல் திருத்திக் கொடுத்தார்கள். அதனால் பில்லைக் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பாருங்கள். கடைக்காரர் மறுத்தால், அல்லது எம்.ஆர்.பி.க்கு மேலே வாங்கினால், பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடலாம்.