சுயேச்சை வேட்பாளருக்கு லிபர்டேரியன் கொள்கைத் தாள் தயாரிப்பது எப்படி? வேலூர் பக்கத்து அனுபவம்

காட்பாடி பக்கம் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்க முடிவு செய்த நண்பருக்குக் கொள்கைத் தாள் எழுத உட்கார்ந்தபோது, பார்த்து எழுதத் தமிழில் ஒரு மாதிரிகூடக் கைக்குக் கிடைக்கவில்லை. கட்சிகளின் தேர்தல் அறிக்கைகள் பெரும்பாலும் ‘தருவோம், தருவோம்’ என்றே போகின்றன. அரசு எந்தெந்த இடத்திலிருந்து விலக வேண்டும் என்று சொல்ல வருகிற வேட்பாளருக்கு அந்த அச்சு பொருந்தாது. அதனால் நாங்கள் செய்த முறையை வரிசையாக எழுதி வைக்கிறேன். அடுத்து வருபவருக்குப் பாதி வேலை மிச்சமாகும்.

லிபர்டேரியன் கொள்கைக்கு, அதாவது சுதந்திரவாதத்துக்கு, இங்கே நீண்ட விளக்கம் தரப் போவதில்லை. தன் உடல், தன் உழைப்பு, தன் சொத்து மூன்றிலும் அவரவருக்கே உரிமை. பிறருக்குக் கேடு செய்யாதவரை அரசு குறுக்கே வரக்கூடாது. இந்த அளவு பிடிபட்டால் போதும். வேட்புமனு, டெபாசிட், பத்து முன்மொழிபவர்கள் பற்றியெல்லாம் தேர்தல் ஆணையத்தின் கையேட்டிலேயே தெளிவாக இருக்கிறது. நேராக வேலைக்குப் போவோம்.

படி 1: மாநிலத்தின் கையில் இல்லாததை அடித்துவிடுங்கள்

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரூபாய் நோட்டு, வருமான வரி, சுங்க வரி, ரயில்வே எல்லாம் மத்தியப் பட்டியல். இதில் உங்களுக்கு எவ்வளவு ஆவேசம் இருந்தாலும் தாளில் வேண்டாம். ஜிஎஸ்டி விகிதமும் அப்படியே. அது ஜிஎஸ்டி கவுன்சிலில் முடிவாகிறது. கல்வி 1976இல் பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டது, மின்சாரமும் தொழிலாளர் நலனும் அங்கேதான் இருக்கின்றன. இவற்றைத் தொடலாம், ஆனால் நாடாளுமன்றச் சட்டம் மேலே நிற்கும் என்பது நினைவிருக்கட்டும்.

மாநிலத்துக்கு முழுமையாக மிஞ்சுவது என்ன? நிலம், சந்தை, மது, உள்ளாட்சி, காவல், வாகன வரி, முத்திரைத் தீர்வை, பெட்ரோல் டீசல் மீதான வாட். இது சின்னப் பட்டியல் இல்லை. ஒரு மனிதரின் அன்றாட வாழ்க்கையில் அரசு குறுக்கிடும் இடங்களில் பெரும்பகுதி இதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

படி 2: ஐந்து கட்டம் போட்ட அட்டவணை

ஒவ்வொரு நிலைப்பாட்டுக்கும் ஐந்து கட்டம் நிரப்புங்கள்: இப்போது தடுப்பது எந்தச் சட்டம் அல்லது விதி, அதில் எதை மாற்ற வேண்டும், அதிகாரம் யார் கையில், மாற்றினால் யாருக்கு இழப்பு, ஒரே ஒரு எம்எல்ஏவால் என்ன செய்ய முடியும். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ, அந்த நிலைப்பாடு இன்னும் தயாராகவில்லை. ‘அரசுத் தலையீட்டைக் குறைப்போம்’ என்ற வரியை இதில் போட்டுப் பாருங்கள். ஐந்தும் காலியாகவே நிற்கும்.

கருவிகள் பற்றி என் கருத்து உறுதியானது. செய்தித்தாள் கத்தரிப்புகளை நம்பி எழுத வேண்டாம். மானியக் கோரிக்கை (துறைக்கு நிதி ஒதுக்கக் கேட்பது) விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் ‘கொள்கை விளக்கக் குறிப்பு’ வெளியிடுகிறது. தமிழிலேயே கிடைக்கும், வரவு செலவு அதில் இருக்கும். வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றால் அதை மட்டுமாவது படியுங்கள். சட்டத்தின் வாசகத்துக்கு அரசின் இந்தியா கோட் இணையதளம். அட்டவணைக்கு கூகுள் ஷீட்ஸ். வாட்ஸ்அப் குழுவில் கொள்கை விவாதம் நடத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்றாம் நாள் எது கடைசி வடிவம் என்று யாருக்கும் தெரியாது.

படி 3: பாலாற்றுக் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம்

நாங்கள் அதிக நேரம் நின்றது இங்கேதான். வட ஆற்காட்டில் ‘லைசென்ஸ் குறைய வேண்டும், ஆய்வாளர் தொல்லை போக வேண்டும்’ என்று வாயைத் திறந்தால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: “அப்போ தோல் ஷாப்புக்காரங்க இஷ்டத்துக்குக் கழிவைப் பாலாத்துல விடலாமா?” தோல் பதனிடும் ஆலையைத்தான் இங்கே தோல் ஷாப் என்பார்கள். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை கிணற்று நீர் கெட்டுப்போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் கேட்கிறார்கள். இதற்குத் தடுமாறினால் மீதித் தாளை யாரும் படிக்க மாட்டார்கள். படிக்காமல் விடுவதும் நியாயம்.

சுதந்திரவாதத்தில் இதற்குப் பதில் இருக்கிறது, அது உறுதியான பதில். பக்கத்துக்காரர் நிலத்தில் குப்பையைக் கொட்டுவது எப்படி அவர் சொத்தின் மீதான அத்துமீறலோ, அவர் கிணற்றில் உப்பையும் குரோமியத்தையும் இறக்குவதும் அப்படியே. அது தொழில் சுதந்திரத்தில் சேராது. அத்துமீறலைத் தடுப்பதும் இழப்பீடு வாங்கித் தருவதும், எவ்வளவு சின்ன அரசானாலும் செய்தே ஆக வேண்டிய வேலை.

இதற்கு வெளியே போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே இழப்பையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநிறுத்தியது. இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் நம் மாவட்டத்தின் பெயரோடு இந்த வழக்கைப் படிக்கிறார்கள். கிட்டத்தட்ட முப்பது ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், அதே பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. அனுமதி, இசைவாணை, ஆய்வு என்ற ஏற்பாடு முழுவதும் இவ்வளவு காலமும் இருந்தது. ஆறு மட்டும் மீளவில்லை. இந்த வரலாறு நம் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது.

எங்கள் தாளில் இப்படி எழுதினோம்:

“கழிவு நீரின் அளவீடுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைவாரியாக, அன்றாடம், யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கிணறு கெட்டுப்போன நில உரிமையாளருக்கு ஆலை நேரடியாக இழப்பீடு தர வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மக்கள் வரிப் பணத்தில் மானியம் கூடாது. வரம்புக்குள் நடத்தும் ஆலைக்கு வேறு எந்தத் தொல்லையும் கூடாது.”

மானியம் பற்றிய வரியை ஆம்பூர் பக்கத்து நண்பர்கள் எடுக்கச் சொன்னார்கள். தோல் தொழிலில் எத்தனை குடும்பம் பிழைக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வரி இருக்க வேண்டும். சுத்திகரிப்புச் செலவை ஆலை ஏற்காமல், கிணற்றை இழந்தவரும் சேர்ந்து வரியாகக் கட்டுவது எந்த நியாயத்திலும் சேராது.

படி 4: நம்மூர் வாழ்க்கையிலிருந்து எடுங்கள்

பாலாறு முடிந்த பிறகு மற்றவை வேகமாக வரும். இருபது வேண்டாம், கையில் எண்ணும் அளவுக்குப் போதும்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனை எதிரே ஐடா ஸ்கடர் சாலையில் ஒரு மாலை நின்று பாருங்கள். தள்ளுவண்டி, பழக்கடை, இட்லிக் கடை, நோயாளியோடு மேற்கு வங்கத்திலிருந்து வந்து மொழி தெரியாமல் நிற்கும் குடும்பம். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கே நிலைப்பாட்டை எழுதப் புதுச் சட்டம் தேவையே இல்லை. இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்து என்று கேட்டால் போதும், அதைக் கேட்கச் சட்டமன்றம் வரைகூடப் போக வேண்டாம்.

அடுத்து கடை நேரம். இரவு ரயிலில் காட்பாடியில் இறங்குபவருக்கு ஒரு டீ கிடைக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளுக்கு 24 மணி நேர அனுமதியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசாணையாக நீட்டிக்கிறார்கள். அதை நிரந்தரமாகச் சட்டத்திலேயே எழுதி, ஒருவர் இருவராக நடத்தும் சின்னக் கடைக்கும் விரிக்க வேண்டும். பெரிய கடைக்கு இருக்கும் உரிமை பெட்டிக் கடைக்கு இல்லாமல் போவதை எந்த மேடையிலும் தைரியமாகக் கேட்கலாம்.

வீடு கட்டுவதில் அரசே நல்ல தொடக்கம் வைத்திருக்கிறது. 2500 சதுர அடி வரையான மனையில், 3500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு 2024 முதல் சுயசான்று போதும். நல்லதை நல்லது என்று தாளில் எழுதுங்கள், உங்கள் மேல் நம்பிக்கை கூடும். அதே ஏற்பாடு குடியாத்தத்தில் நாலு தறி போட ஷெட் கட்டுபவருக்கும் வேண்டும் என்று அடுத்த வரியில் கேளுங்கள்.

பத்திரப் பதிவில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக மொத்தம் 9 சதவீதம். வாழ்நாள் சேமிப்பில் ஒரு மனை வாங்குபவருக்கு இது பெரிய அடி. குறைக்கச் சொல்லுங்கள். ஆனால் நான்காம் கட்டத்தை மறக்காதீர்கள்: அரசுக்கு வருவாய் குறையும், அதை எந்தச் செலவில் ஈடுகட்டுவது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும்.

கள் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. எல்லை தாண்டி ஆந்திராவிலும், அந்தப் பக்கம் கேரளத்திலும் இறக்கலாம். 2003 முதல் மது சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். தன் மரத்தில் தானே ஏறி இறக்கியதை விற்றால் குற்றம், அதே அரசு பாட்டிலில் விற்றால் வருவாய். மது மாநிலப் பட்டியல், எனவே முழு அதிகாரமும் சென்னையில்தான் இருக்கிறது. கள்ளுக்கு அனுமதி என்பதை முதலில் வையுங்கள். டாஸ்மாக் ஏகபோகத்தை எடுப்பதைப் பற்றிப் பெண்கள் கூடும் இடத்தில் ஒளிக்காமல் பேசுங்கள். “மூடுங்க, அது போதும்” என்பார்கள். விற்று லாபம் பார்ப்பவரே கட்டுப்படுத்துபவராகவும் இருக்க முடியாது என்று பொறுமையாக விளக்குங்கள். அதற்குப் பிறகும் ஏற்காதவர் ஏற்காமலே போகட்டும். ஓட்டுக்காக நிலைப்பாட்டை மாற்ற வேண்டாம்.

படி 5: இலவசம் பற்றிய வரிசை

ரேஷன் அரிசி, பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், 100 யூனிட் மின்சாரம் ஆகியவற்றை நிறுத்தச் சொல்லித் தாளைத் தொடங்கும் லிபர்டேரியன்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் காலைக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்காமல் ஊன்றுகோலை முதலில் பிடுங்குவது கொடுமை. லைசென்ஸ், அனுமதி, மாமூல் இவற்றால் சம்பாதிக்க முடியாமல் நிற்பவரின் தடையை முதலில் எடுங்கள். பெரிய நிறுவனங்களுக்குத் தரும் சலுகைகளையும், விருப்பமில்லாதவரிடம் நிலம் எடுத்துத் தருவதையும் அடுத்து எதிர்த்து எழுதுங்கள். சொத்துரிமை 1978இல் அடிப்படை உரிமை என்ற இடத்தை இழந்து, இப்போது 300ஏ பிரிவாக மட்டும் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டைகளுக்கு நிலம் கொடுத்த ஊர்களில் இதை விளக்க வேண்டியதே இல்லை.

படி 6: அச்சு

ஏ4 ஒரே தாள், இரண்டு பக்கம். டிடிபி கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே கொடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறும். பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள், மெய்ப்பு பார்க்காமல் ஓட்ட விடாதீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் தாளில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சிறைத் தண்டனைக்கே இடமுண்டு.

சேர்ப்பு, வாசகர்கள் கேட்டவை:

“இதற்கு ஒரு கட்சியே தொடங்கலாமே?” தொடங்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 29ஏ பிரிவு, பதிவு செய்யும் கட்சி சோசலிசத்துக்கு விசுவாசமாக இருப்பதாகத் தன் விதிகளில் எழுதச் சொல்கிறது. நம்பாததை எழுதிக் கையெழுத்துப் போட எங்களுக்கு மனமில்லை. சுயேச்சை வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழியில் அரசியலமைப்பின் மீது பற்றும் நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடும் மட்டும்தான்.

“இது அமெரிக்கச் சரக்கு.” இதைச் சொல்பவருக்கு ராஜாஜியை நினைவூட்டுங்கள். 1952இல் முதல்வராக வந்ததும் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தவர் அவர். 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யத்தை எதிர்த்தவரும் அவரே. வேலூர் சிறையிலும் இருந்திருக்கிறார். 1937இல் மதுவிலக்குச் சட்டம் கொண்டு வந்தவரும் அவர்தான் என்று எதிரே இருப்பவர் சொல்வார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, அந்த இடத்தில் நாம் அவரோடு மாறுபடுகிறோம் என்று சொல்லுங்கள்.

“ஒற்றை எம்எல்ஏ வரியைக் குறைக்க முடியுமா?” நல்ல கேள்வி, இதற்காக அட்டவணையின் ஐந்தாம் கட்டத்தைத் திருத்தினோம். அரசியலமைப்பு 207ஆம் பிரிவின்படி பண மசோதா கொண்டு வர ஆளுநரின் பரிந்துரை வேண்டும். தனி உறுப்பினரால் அது ஆகாது. ஆனால் அதே பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: வரியைக் குறைக்கவோ நீக்கவோ கொண்டு வரும் திருத்தத்துக்கு அந்தப் பரிந்துரை தேவையில்லை. ஆகவே அரசு தன் வரி மசோதாவை அவையில் வைக்கும்போது, அதில் குறைப்புத் திருத்தம் ஒன்றை உங்கள் வேட்பாளர் கொடுக்கலாம். கூடவே மானியக் கோரிக்கைகளில் வெட்டுத் தீர்மானம் (ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோருவது), கேள்வி நேரம், தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டு வருவது). முத்திரைத் தீர்வை வரிசைக்கு எதிரே ‘குறைப்பேன்’ என்று இருந்தால் அதை அடித்துவிட்டு ‘குறைப்புத் திருத்தம் கொடுப்பேன், வாக்கெடுப்பு கேட்பேன்’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.