ஆடிக்கு முன் தோட்டத்தில் செய்யக் கூடாதவை

கத்திரி வெயில் முடிந்து ஒரு கோடை மழை பெய்தால் போதும், புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் மண்வெட்டியோடு இறங்கிவிடுகிறார்கள். ஆடிப் பட்டத்துக்கு மண்ணைத் தயார் செய்ய இது சரியான நேரம்தான். ஆனால் பழைய தவறுகளே ஆண்டுதோறும் திரும்ப வருகின்றன. தண்ணீர் ஊற்ற மறப்பது போன்றவற்றைச் சொல்லத் தேவையில்லை, வாடும் செடியே சொல்லிவிடும்.

காய்ந்த சாணத்தை எரு என்று நம்புவது

செலவும் உழைப்பும் அதிகம் வீணாவது இதில்தான். எத்தனை முறை சொன்னாலும் நிற்பதில்லை என்பதால் எரிச்சலும் இதில்தான். மாட்டுக்காரரிடம் ஒரு வண்டி சாணம் வாங்குகிறார்கள். ஒரு மாத வெயிலில் அது வறட்டி போலக் காய்ந்து, நாற்றமும் போய்விடுகிறது. மக்கிவிட்டது என்று நினைத்து, உதிர்த்துப் பாத்தியில் கொட்டிக் கத்திரி, மிளகாய் நாற்று நடுகிறார்கள்.

காய்வது வேறு, மக்குவது வேறு. ஈரம் இல்லாததால் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்தியிருக்கின்றன, அவ்வளவுதான். தண்ணீர் பட்டதும் மீண்டும் தொடங்கும். சூடும் அம்மோனியாவும் கிளம்பி இளம் வேரைக் கருக்கும். பத்து நாளில் இலை ஓரம் தீய்ந்து செடி தொங்கும். அதைத் தண்ணீர்ப் பஞ்சம் என்று எண்ணி மேலும் ஊற்றுவார்கள், மிஞ்சிய வேரும் அழுகும். மாடு தின்ற களை விதைகள் சாகாமல் முளைப்பது தனித் தொல்லை.

இதைவிடப் பெரிய கேடு வண்டு. கோடை மழையோடு வேர்ப்புழுவின் தாய் வண்டுகள் மண்ணிலிருந்து வெளிவந்து, இரவில் வேப்பிலை தின்று, மண்ணில் முட்டையிடும். மக்காத சாணம் கலந்த ஈர மண் அவற்றுக்கு மிகவும் பிடித்த இடம். காண்டாமிருக வண்டோ சாணக் குவியலிலேயே முட்டையிடும். அதன் புழு செடியின் வேரைத் தின்னாது. ஆனால் வண்டானதும் பக்கத்துத் தென்னையின் குருத்தைக் குடையும். விரியும் ஓலை விசிறி போல வெட்டுப்பட்டிருந்தால் தோப்பை மட்டுமல்ல, உங்கள் எருக்குழியையும் பாருங்கள்.

சோதிப்பது எளிது. ஒரு பிடி எருவை ஈரமாக்கிப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, நிழலில் மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் மூக்கைத் துளைத்தால் மக்கவில்லை. மண்வாசனை வந்தால் பயன்படுத்தலாம். 100 சதுர அடிக்கு 25 கிலோ போதும்.

மக்காததை நிழலில் 4 அடி அகலம், 3 அடி உயரத்துக்குக் குவியுங்கள். அரை அடிச் சாணத்துக்கு அரை அடிச் சருகு. கையில் அள்ளிப் பிழிந்தால் இரண்டொரு சொட்டு விழும் அளவுக்கு ஈரம் வேண்டும். 15 நாளுக்கு ஒருமுறை புரட்டுங்கள். புரட்டும்போது தென்படும், பழுப்புத் தலையோடு சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். வண்டு நுழையாமல் வலை போட்டு மூடுவது நல்லது. மூன்று, நான்கு மாதம் ஆகும். இந்த ஆடிக்குக் கிடைக்காது. அதுவரை 100 சதுர அடிக்கு 5 கிலோ மண்புழு உரம் வைத்துச் சமாளியுங்கள். பாத்தியில் ஏற்கெனவே கொட்டிவிட்டீர்களா? அள்ளிவிடுங்கள். மண்ணோடு கலந்துபோயிருந்தால் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, இரண்டு மாதம் எதுவும் நடாதீர்கள்.

கோரையைக் களைக்கொத்தால் கொத்துவது

கோரைக் கிழங்குகள் சங்கிலிபோலத் தொடுத்திருக்கும். மேலாகக் கொத்தினால் தொடுப்பு அறுந்து, உறங்கிக் கிடந்த கிழங்குகளும் முளைக்கும். ஒன்றை வெட்டிய இடத்தில் நான்கு வரும். மண் கிளறும் தோட்ட முள்கரண்டியால் முக்கால் அடி ஆழம் கிளறி, கிழங்கோடு பொறுக்குங்கள். மண் காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்துச் செய்தால், தப்பிய கிழங்கும் வெயிலில் வற்றிச் சாகும்.

மரத்தூரில் மண் அணைப்பது

எலுமிச்சைக்கு இது எமன். ஒட்டுக் கட்டிய பகுதி மண்ணுக்குள் போனால் மழையில் பட்டை அழுகிப் பிசின் வடியும். தூரைச் சுற்றி ஓர் அடி வெறுமையாக இருக்கட்டும். தண்ணீரும் எருவும் கிளை நிழல் விழும் விளிம்பை ஒட்டித்தான். மண்மேல் சருகு பரப்பும் மூடாக்குக்கும் இதே கணக்கு.

மதியம் குழாயைத் திறப்பது

வெயிலில் கிடந்த குழாயில் நிற்பது வெந்நீர். முதல் வாளியைத் தனியே பிடித்து ஆறவிடுங்கள்.

காய்ந்த மண்ணில் யூரியா

போடாதீர்கள்.