வயிற்றில் அமிலம் குறைவா? மாத்திரை வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் கல் மாதிரி கனக்கிறது. ஏப்பம் நின்றபாடில்லை. இதெல்லாம் அமிலம் குறைந்தாலும் வரும், கூடினாலும் வரும். அமிலம் சரியாக இருந்து இரைப்பை மெதுவாகக் காலியானாலும் வரும். ஆகவே அறிகுறிகளை மட்டும் வைத்து ‘எனக்கு அமிலம் குறைவு’ என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைக்கின்றன.

வீட்டிலேயே செய்யும் சோடா சோதனையும் உதவாது. காலையில் வெறும் வயிற்றில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலந்து குடித்து, ஐந்து நிமிடத்துக்குள் ஏப்பம் வராவிட்டால் அமிலம் குறைவு என்கிறார்கள். சோடா அமிலத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு வரும் என்பது உண்மை. ஆனால் அந்த வாயு ஏப்பமாக மேலே வருவதும் வராததும் எவ்வளவு காற்றை விழுங்கினீர்கள், உணவுக்குழாயின் கீழ்வாய் எவ்வளவு தளர்கிறது, அன்று வயிறு எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது. அதோடு, கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இதைத் தினமும் செய்து பார்ப்பது கெடுதல்.

அமிலம் உண்மையிலேயே குறைவதற்குக் காரணங்கள் சிலதான். ஒமெபிரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை நெடுநாள் விழுங்குவது ஒன்று. எச். பைலோரி கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கி இரைப்பையின் உட்சவ்வைத் தேய்ப்பது இன்னொன்று. இதே கிருமி இரைப்பையின் அடிப்பகுதியில் மட்டும் இருக்கும்போது அமிலத்தைக் கூட்டிப் புண் உண்டாக்கும்; மேலே பரவி, அமிலம் சுரக்கும் பகுதியை அழிக்கும்போது குறைக்கும். மூன்றாவது, உடலின் எதிர்ப்புச் சக்தியே அமிலம் சுரக்கும் செல்களைத் தாக்கும் நோய். இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் குறையலாம்.

இவற்றைக் கண்டறியச் சோதனைகள் உண்டு. ரத்தத்தில் கேஸ்ட்ரின் (அமிலம் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) கூடியும் பெப்சினோஜன்-1 (இரைப்பைச் சவ்வு சுரக்கும் செரிமான என்சைமின் முன்வடிவம்) குறைந்தும் இருந்தால் உட்சவ்வு தேய்ந்திருக்கலாம். ஆனால் அமிலக் குறைப்பு மாத்திரையே கேஸ்ட்ரினைக் கூட்டும் என்பதால், அதைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். எச். பைலோரிக்கு மூச்சுச் சோதனை அல்லது மலச் சோதனை செய்யலாம். அதற்குமுன் மருத்துவரைக் கேட்டு அமிலக் குறைப்பு மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் போனால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும். எண்டோஸ்கோபியில் எடுக்கும் சதைத்துணுக்குதான் உறுதியான விடை தரும்.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது

‘இந்த மாத்திரைதான் அமிலத்தைக் குறைத்துவிட்டது’ என்று படித்துவிட்டு, மறுநாளே அதை விட்டுவிட்டு அமிலக் காப்ஸ்யூலுக்கு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைவிட மோசமான நேரம் வேறில்லை. மாத்திரை அமிலத்தை அடக்கியிருந்த நாளெல்லாம் உடல் கேஸ்ட்ரினைக் கூட்டி அமிலம் சுரக்கும் அமைப்பை முடுக்கிவைத்திருக்கும். தடை நீங்கியதும் அமிலம் முன்பைவிட அதிகமாகப் பாயும். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றுத் தொல்லையே இல்லாத 120 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு 8 வாரம் இசோமெபிரசோல் என்ற அமிலக் குறைப்பு மாத்திரையைக் கொடுத்து நிறுத்தினார்கள். அதன்பின் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள் வந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்ட மறுபாதியில் 15 சதவீதம் பேருக்குத்தான் வந்தன. இந்தச் சமயத்தில் மேலும் அமிலம் ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அளவைப் படிப்படியாகக் குறைப்பதே வழி. ரத்தம் கசிந்த புண் இருந்தவர்கள், இதயத்துக்காக ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள், உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணானவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது.

பீட்டெய்ன் ஹெச்.சி.எல்.: எதை வாங்குகிறீர்கள், எப்படி விழுங்குகிறீர்கள்

அமிலக் குறைவுக்கென்று அதிகம் விற்பது இந்தக் காப்ஸ்யூல்தான். வாங்கும்போதே ஒரு குழப்பம் நடக்கிறது. ‘பீட்டெய்ன் அன்ஹைட்ரஸ்’ அல்லது ‘ட்ரைமெத்தில்கிளைசின்’ என்று உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு விற்பது வேறு பொருள். அதில் அமிலமே கிடையாது. பெயரின் பின்பாதியில் ‘ஹைட்ரோகுளோரைடு’ (சுருக்கமாக ஹெச்.சி.எல்.) இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது அளவு. பீட்டெய்ன் ஹெச்.சி.எல். எடையில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவுதான் அமிலம். 650 மி.கி. காப்ஸ்யூல் ஒன்று தருவது சுமார் 4 மில்லிமோல் (அமிலத்தின் அளவைச் சொல்லும் அலகு). ஆரோக்கியமான இரைப்பை முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 20 மில்லிமோலுக்கு மேல் சுரக்கும். 2013-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், மருந்தால் அமிலத்தைக் குறைத்த 6 ஆரோக்கியமானவர்களுக்கு 1,500 மி.கி. கொடுத்தபோது அமிலத்தன்மை விரைவாக ஏறியது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விளைவு தணிந்தது. வயிற்று உப்புசம் தீருமா, செரிமானம் மேம்படுமா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. செரிமான மருந்தாக இது பலன் தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றுதான் 1993-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை அந்த வகையிலிருந்து நீக்கியது. இன்று இது விற்பது மருந்தாக அல்ல, துணை உணவாக.

‘எரிச்சல் வரும்வரை தினம் ஒன்று கூட்டு, எரிந்ததும் ஒன்று குறை, அதுவே உன் அளவு’ என்ற யோசனையைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். எரிச்சல் உங்கள் அமிலக் குறைவின் அளவுகோல் அல்ல, சவ்வு புண்படுவதன் அடையாளம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின், ஸ்டீராய்டு இவற்றில் எதைச் சாப்பிடுகிறவரும், வயிற்றுப்புண் இருந்தவரும் பீட்டெய்ன் ஹெச்.சி.எல். பக்கமே போகக் கூடாது. மருத்துவர் ஒப்புக்கொண்டு எடுத்தால் பருப்பு, முட்டை, மீன், கறி என்று புரதம் உள்ள சாப்பாட்டின் நடுவே ஒரே ஒரு காப்ஸ்யூல், ஒரு டம்ளர் தண்ணீரோடு. கஞ்சிக்கும் வெறும் வயிற்றுக்கும் வேண்டாம். காப்ஸ்யூலைத் திறந்து தண்ணீரில் கரைப்பது பல்லையும் தொண்டையையும் அரிக்கும். விழுங்கிய உடனே படுத்தால் அது உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கலாம்.

வினிகர் அமிலத்துக்கு ஈடாகாது

ஆப்பிள் சிடர் வினிகரில் இருப்பது சுமார் 5 சதவீதம் அசெட்டிக் அமிலம். அது வீரியம் குறைந்த அமிலம். புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நன்றாக வேலை செய்ய பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 2 அளவுக்கு இறங்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி வினிகர் சாப்பாட்டோடு கலந்த பிறகு அதைச் செய்யாது. வினிகர் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் தன்மையும் உடையது. சர்க்கரை நோயால் ஏற்கெனவே இரைப்பை மெதுவாக இயங்குகிறவர்களுக்கு, தீர்க்க நினைத்த கனம் இன்னும் கூடிவிடும். தண்ணீர் கலக்காமல் குடித்தால் பல் எனாமலும் போகும்.

என்சைம் மாத்திரைகளிலும் இதே கவனம் வேண்டும். பெப்சினுக்கு அமிலம் வேண்டும், கொழுப்பைச் செரிக்கும் கணைய என்சைமான லைபேஸ் அமிலத்தில் அழிந்துவிடும். மேலுறை இல்லாத ஒரே மாத்திரையில் இரண்டையும் அடைத்தால் ஒன்று வீண். இன்னொன்று: பெப்சினும், கணைய என்சைம்களின் கலவையான பேன்கிரியாட்டினும் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பவை. சைவர்களும் இஸ்லாமியர்களும் லேபிளைப் பார்த்து வாங்குவது நல்லது.

வயிற்றுக்கு நல்லது என்று அதிமதுரப் பொடியை மாதக்கணக்கில் சாப்பிடுவதும் நடக்கிறது. ஆய்வுகளில் வயிற்றுக்காகக் கொடுப்பது பெரும்பாலும் கிளைசிரைசின் (அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் பொருள்) நீக்கிய அதிமதுரம். நாட்டு மருந்துக்கடைப் பொடியில் அந்தக் கிளைசிரைசின் அப்படியே இருக்கிறது. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும்.

அமிலத்தைத் துரத்திக்கொண்டு சத்துகளைக் கோட்டை விடுவது

எங்கள் பார்வையில் இதுதான் பெரிய தவறு. அமிலம் உண்மையிலேயே குறைந்தவருக்கு நீடித்த கேடு ஏப்பத்தால் அல்ல, உறிஞ்சப்படாமல் போகும் சத்துகளால் வருகிறது.

உணவில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரிக்க அமிலம் வேண்டும். மாத்திரையில் உள்ள பி12 பிரிந்த நிலையிலேயே இருப்பதால் அமிலம் இல்லாவிட்டாலும் உள்ளே போகும். அமிலம் சுரக்கும் செல்களே அழிந்திருந்தால் பி12-ஐ உறிஞ்ச உதவும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதமும் இருக்காது; அப்போது விழுங்கியதில் ஏறத்தாழ 1 சதவீதம்தான் சேரும். அதனால்தான் தினம் 1,000 மைக்ரோகிராம் அல்லது ஊசி. பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும்; கால் மரத்துப்போவதும் தள்ளாட்டமும் உள்ளுக்குள் வளர்ந்துகொண்டிருக்கும். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினும் அமிலக் குறைப்பு மாத்திரையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் பி12 அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கால்சியம் கார்பனேட்டை வெறும் வயிற்றில் போட்டால், அமிலம் குறைந்தவருக்கு அதில் பெரும்பகுதி கரையாது. சாப்பாட்டோடு போடுங்கள், அல்லது கால்சியம் சிட்ரேட்டுக்கு மாறுங்கள். சிட்ரேட்டில் கால்சியம் 21 சதவீதம்தான், கார்பனேட்டில் 40. அதனால் மாத்திரை எண்ணிக்கை கூடும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு விழுங்காதீர்கள். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியத்துக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

எடை தானாகக் குறைவது, விழுங்கும்போது அடைப்பது, ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், 60 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் அஜீரணம் இவை துணை உணவு தேடும் நேரம் அல்ல, மருத்துவரிடம் போங்கள். இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் பிசுபிசுப்பும் கடும் நாற்றமும் சேர்ந்தால் அது ரத்தம். மேல் வயிற்றிலோ நெஞ்சிலோ அழுத்தத்தோடு வியர்வையும் மூச்சுவாங்கலும் வந்தால் ‘கேஸ்’ என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, உடனே இ.சி.ஜி. எடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும்.