கலிலேயாவில் தொடங்கி எருசலேமில் நிறைவுறும் திருப்பயணம்: சில வழிகாட்டல்கள்

திருநாட்டுக்குத் திருப்பயணம் செல்லத் திட்டமிடுவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, இடங்களைக் காணும் வரிசையாகும். எருசலேமில் தொடங்கினால் சிலுவையும் கல்லறையும் முதலில் வந்துவிடும்; நாசரேத்தும் கப்பர்நாகூமும் அதன் பின்னர் மனத்தில் ஆழப் பதிவதில்லை. ஆகவே கலிலேயாவில் தொடங்கி எருசலேமில் நிறைவு செய்வதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. பயணத்தை உறுதி செய்யும் முன் உங்கள் நாட்டு அரசு வெளியிடும் பாதுகாப்பு அறிவுரையையும், விசா விதிகளையும், காப்பீடு அப்பகுதிக்குப் பொருந்துமா என்பதையும் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே அமைந்த கலிலேயக் கடலின் கரையில், கப்பர்நாகூமுக்கு மட்டுமாவது அரை நாள் ஒதுக்குங்கள். அங்கே வெண்ணிறச் சுண்ணாம்புக் கல்லாலான தொழுகைக்கூடம் இயேசுவின் காலத்துக்குப் பிற்பட்டது. ஆனால் அதன் அடியில் தெரியும் கருங்கல் அடித்தளம் இன்னும் பழையது. அதற்கு அருகில், பேதுருவின் வீடு எனப் போற்றப்படும் இடத்தின் மேல், கண்ணாடித் தளம் வழியாகக் கீழே பார்க்கும்படி ஓர் ஆலயம் எழுப்பப்பட்டுள்ளது. மாற்கு நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களை முந்திய இரவே வாசித்துவிட்டு வந்தால், அங்கு வழிகாட்டி கூறுவதைவிட அதிகமாக விளங்கும்.

தெற்கே யோர்தான் பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும்போது, எரிகோவுக்கு அருகிலுள்ள கசர் அல் யாகூத் என்னும் திருமுழுக்குத் தலத்தில் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கலாம். எரிகோவிலிருந்து எருசலேமுக்குச் சாலை ஏறத்தாழ 1000 மீட்டர் உயர்கிறது. நல்ல சமாரியர் உவமையில் வரும் மனிதர் இறங்கிச் சென்றது இந்த வறண்ட மலைச் சரிவுகளின் ஊடாகத்தான். பகலிலேயே இவ்வழியைக் கடப்பது நல்லது. பெத்லகேம் பாலஸ்தீனப் பகுதியில் இருப்பதால், அங்கிருந்து எருசலேமுக்குத் திரும்பும் வழியில் சோதனைச் சாவடியைக் கடக்க வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.

எருசலேமில் திருக்கல்லறை ஆலயத்துக்கு விடியற்காலையிலேயே சென்றுவிடுங்கள். நேரம் ஏற ஏற வரிசை நீண்டுகொண்டே போகும். வாயிலைக் கடந்ததும் வலப்புறத்திலுள்ள செங்குத்தான படிகள் கல்வாரிக்கு ஏறுகின்றன. அங்கே கிரேக்கப் பீடத்தின் அடியில் குனிந்து, வட்டமான துளையினுள் கையை விட்டால் பாறையைத் தொடலாம். கீழே, கூடத்தின் நடுவிலுள்ள சிறு மாடத்துக்குள் திருக்கல்லறை உள்ளது. ஒரு நேரத்தில் சிலரே நுழைய முடியும் என்பதால், சொல்ல வேண்டிய செபத்தை வரிசையில் நிற்கும்போதே மனத்தில் உருவாக்கிக்கொள்ளுங்கள். மாடத்துக்கு மேற்கே, பலரும் கவனிக்காமல் கடக்கும் சிரியச் சிற்றாலயத்தின் பின்புறம், பாறையில் குடையப்பட்ட யூதக் கல்லறைகள் உள்ளன. அக்காலத்துக் கல்லறை எத்தகையது என்பதை உணர அவ்விருள் அறைக்கு ஒரு கைவிளக்குடன் அவசியம் செல்லுங்கள்.

இந்த ஆலயத்தை கிரேக்கர், இலத்தீனர் (ரோமன் கத்தோலிக்கர்), அர்மீனியர், கோப்தர், சிரியர், எத்தியோப்பியர் என ஆறு திருச்சபையினர் பகிர்ந்துகொள்கின்றனர்; அவரவர் வழிபாட்டு நேரத்தையும் இடத்தையும் 1852-இல் உறுதிசெய்யப்பட்ட ஒழுங்குமுறை வரையறுக்கிறது. ஆகவே ஊழியர் ஒதுங்கச் சொன்னால் வாதிடாமல் ஒதுங்குங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் பிற்பகலில் பிரான்சிஸ்கன் துறவியர் நடத்தும் சிலுவைப்பாதையில் கலந்துகொள்ளும்படி நாள்களை அமைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை ஓய்வுநாள் தொடங்கிவிடுவதால், சனிக்கிழமை மாலை வரை யூதப் பகுதிகளில் பொதுப் பேருந்துகள் பெரும்பாலும் ஓடுவதில்லை. தோளும் முழங்காலும் மறையும் உடையும், வழவழப்பான பழைய கற்தளங்களில் வழுக்காத காலணியும் எல்லா நாளும் தேவை. முழங்கால் வலி உள்ளோர் கல்வாரிப் படிகளில் இறங்கும்போது துணைக்கு ஒருவரை முன்னே நிறுத்திக்கொள்ளவும்.