லினக்ஸில் இருந்தபடியே விண்டோஸுக்கு நிரல் உருவாக்குதல்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள ஒரு துணிக்கடைக்கு நான் சி மொழியில் பில்லிங் நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடையில் இருப்பது விண்டோஸ். தண்டையார்பேட்டையில் என் வீட்டில் நான் வேலை செய்வது உபுண்டு லினக்ஸில். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் காத்து நிற்கையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கம்பைல் செய்வது (எழுதிய நிரலைக் கணினியில் ஓடும் கோப்பாக மாற்றுவது) நடவாத காரியம் என்பதால், லினக்ஸிலேயே விண்டோஸுக்கான இஎக்ஸ்இ கோப்பை உருவாக்கும் கிராஸ் கம்பைல் முறைக்கு வந்து சேர்ந்தேன். இதில் கம்பைல் செய்வது எளிய பகுதிதான். நம்மிடம் உள்ள எதுவும் இல்லாத இன்னொரு கணினியில் அந்தக் கோப்பு பிழையின்றி ஓட வேண்டும் என்பதே கடினமான பகுதி.

முதலில் கடைக் கணினி 32 பிட்டா 64 பிட்டா, அதில் இருப்பது எந்த விண்டோஸ் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரலும் ஓடும். ஆனால் 32 பிட் விண்டோஸில் 64 பிட் நிரல் ஓடாது.

உபுண்டுவிலும் டெபியனிலும் 'ஆப்ட்' என்ற நிறுவும் கருவி வழியாக 'மிங்டபிள்யூ-டபிள்யூ64' என்ற தொகுப்பை நிறுவினால் போதும். அதில் கிடைப்பது வழக்கமான ஜிசிசி கம்பைலர்தான். பெயர் மட்டும் 'எக்ஸ்86_64-டபிள்யூ64-மிங்டபிள்யூ32-ஜிசிசி' என்று நீண்டிருக்கும். இறுதியில் வரும் 32 என்ற எண்ணைக் கண்டு குழம்ப வேண்டாம். அது பழைய பெயரின் மிச்சம். 32 பிட் கோப்பு வேண்டுமென்றால் பெயரின் தொடக்கம் 'ஐ686' என மாறும். மற்றபடி '-ஓ' என்ற தெரிவும், அதை அடுத்து வெளியீட்டுக் கோப்பின் பெயரும் நீங்கள் அறிந்தவையே. உருவான கோப்பை 'ஃபைல்' கட்டளையிடம் கொடுத்தால், 64 பிட் கோப்பை 'பிஇ32+' என்றும் 32 பிட் கோப்பை 'பிஇ32' என்றும் அது சொல்லும்.

அடுத்தது டிஎல்எல் சிக்கல். டிஎல்எல் என்பது நிரல் ஓடும்போது தேடி எடுத்துக்கொள்ளும் தனித் துணைக் கோப்பு. சி++ மொழியில் எழுதிய நிரலையோ த்ரெட் (ஒரே நிரலுக்குள் பல வேலைகளை இணையாக ஓட்டும் வசதி) பயன்படுத்தும் நிரலையோ அப்படியே கொண்டு போனால், 'லிப்எஸ்டிடிசி++-6' அல்லது 'லிப்வின்பித்ரெட்-1' என்ற டிஎல்எல் கிடைக்கவில்லை என்று விண்டோஸ் நின்றுவிடும். கம்பைல் செய்யும்போதே '-ஸ்டாடிக்' என்று சேர்த்து அவற்றை இஎக்ஸ்இ கோப்புக்குள்ளேயே அடக்கிவிடுங்கள். கோப்பு பெரிதானாலும் ஒரே கோப்பாக இருப்பதே கடைக்காரருக்கு நல்லது. பிறகு அதே நீண்ட முன்னொட்டுடன் கூடிய 'ஆப்ஜ்டம்ப்' கட்டளையை '-பி' தெரிவுடன் இயக்கி, அது காட்டும் டிஎல்எல் பட்டியலில் 'கெர்னல்32' போன்ற விண்டோஸின் சொந்தப் பெயர்கள் மட்டுமே இருக்கின்றனவா என்று பாருங்கள். நெட்வொர்க் சாக்கெட் பயன்படுத்தினால் '-எல்டபிள்யூஎஸ்2_32' என்பதையும் சேர்க்க வேண்டும். அது மூலக் கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் வர வேண்டும்.

இனி வருவதுதான் என்னை மூன்று நாள் அலைக்கழித்தது. பில் பிரின்டரில் தமிழ் எழுத்துரு இல்லாததால், தமிழ் வரிகளைப் படமாக மாற்றி, அந்தப் பைட்டுகளை ஒரு கோப்பில் எழுதி, அதை அப்படியே பிரின்டருக்கு அனுப்பினேன். வீட்டில் பில் அழகாக வந்தது; கடையிலோ எழுத்துகள் பாதியில் கிழிந்து பக்கவாட்டில் நகர்ந்தன. நான் கோப்பைத் திறந்த முறை 'டபிள்யூ'. லினக்ஸில் அதற்கும் 'டபிள்யூபி'க்கும் வேறுபாடு இல்லை. விண்டோஸிலோ 'டபிள்யூ' என்பது உரைமுறை. எழுதப்படும் பைட்டின் மதிப்பு 10 ஆக இருக்கும் இடத்திலெல்லாம், அது புதிய வரி என்று கருதி, அதற்கு முன் 13 என்ற பைட்டைத் தானாகச் செருகிவிடும். படத்துக்குள் 10 வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பைட் கூடுதலாகிப் படம் நகர்ந்திருக்கிறது. உரையல்லாத எதையும் 'டபிள்யூபி' முறையிலேயே எழுதுங்கள், 'ஆர்பி' முறையிலேயே படியுங்கள்.

இதற்கு இணையான இன்னொரு கண்ணி 'லாங்' என்ற மாறி வகை. 64 பிட் லினக்ஸில் அது 8 பைட். விண்டோஸில் 64 பிட்டிலும் 4 பைட்தான். தொகையைப் பைசாவில் வைத்திருந்தால் ₹2,14,74,836.47-க்கு மேல் அதில் அடங்காது. ஆண்டு விற்பனையைக் கூட்டும்போது எண் எதிர்மறையாகிவிடக்கூடும். எங்கும் 8 பைட்டாகவே இருக்கும் 'இன்ட்64_டி' என்று வெளிப்படையாக எழுதுவதே பாதுகாப்பு.

கோ மொழியில் எழுதுபவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்: 2015-இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து தனி கம்பைலர் எதையும் நிறுவாமல், 'ஜிஓஓஎஸ்' என்ற சூழல் மாறிக்கு 'விண்டோஸ்' என்றும் 'ஜிஓஆர்க்' என்ற மாறிக்கு 'ஏஎம்டி64' என்றும் மதிப்புக் கொடுத்து 'கோ பில்ட்' இட்டால் போதும். ஆனால் கடையில் விண்டோஸ் 7 இருந்தால் கோ 1.20 பதிப்போடு நின்றுகொள்ளுங்கள், 1.21 முதல் விண்டோஸ் 10 தேவைப்படுகிறது.

கடைக்குப் போகுமுன் விண்டோஸ் நிரல்களை ஓட்ட உதவும் 'வைன்' என்ற மென்பொருள் மூலம் லினக்ஸிலேயே அந்த இஎக்ஸ்இ கோப்பை ஓட்டிப் பாருங்கள். வெறுமனே ஓடுகிறதா என்று பார்ப்பது போதாது. லினக்ஸ் நிரல் எழுதிய கோப்பையும் வைனில் ஓடிய நிரல் எழுதிய கோப்பையும் 'சிஎம்பி' கட்டளையால் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். நான் அதை அன்றே செய்திருந்தால் அந்த 13 வீட்டிலேயே அகப்பட்டிருக்கும். பிரின்டரை மட்டும் வைன் சோதித்துத் தராது. அதற்குப் பென்டிரைவுடன் கடைக்கே போக வேண்டும், கூட்டம் சேராத காலை நேரத்தில்.