பழைய பைக்கில் சார்ஜ் ஏறவில்லையா? பாகம் வாங்குவதற்கு முன் நடக்கும் தவறுகள்

செல்ஃப் இழுக்கவில்லை, ஹாரன் முனகுகிறது, இண்டிகேட்டர் மின்னாமல் மங்கலாக எரிந்தபடியே நிற்கிறது. பழைய பைக்கில் இப்படி ஆனதும் பலரும் முதலில் செய்வது புது பேட்டரி வாங்கிப் போடுவது. போட்டதும் வண்டி பளிச்சென்று ஸ்டார்ட் ஆகிவிடும். வேலை முடிந்தது என்ற நினைப்பு வந்துவிடும். ஆனால் முழுதாக சார்ஜ் ஆன 12 ஆம்பியர்-மணி பேட்டரி, ஸ்டேட்டரிலிருந்து (இன்ஜினில் கரன்ட் உண்டாக்கும் காயில்) துளி கரன்ட் வராவிட்டாலும், 55 வாட் ஹெட்லைட்டையும் இக்னிஷனையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அதைச் சின்னச் சின்ன ஓட்டங்களாகப் பிரித்தால் சில நாட்கள் ஓடிவிடும். அதற்குள் புது பேட்டரியும் அடிமட்டத்துக்கு இறங்கி, தகடுகளில் சல்ஃபேட் படிந்து, ஆயுளை இழக்கத் தொடங்கியிருக்கும்.

சார்ஜிங் கோளாறில் எந்தப் பாகத்தையும் ஊகித்து மாற்றாதீர்கள். கரன்ட் வரும் வழியில் அது எந்த இடத்தில் தொலைகிறது என்று அளந்து கண்டுபிடியுங்கள். அதற்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். வழியும் சிக்கலானதல்ல. இன்ஜின் சுழலும்போது காந்தம் சுற்றுகிறது, ஸ்டேட்டர் காயிலில் ஏசி (மாறுதிசை மின்சாரம்) பிறக்கிறது, ரெக்டிஃபையர் அதை டிசியாக்குகிறது (நேர்திசை மின்சாரம்), ரெகுலேட்டர் வோல்ட்டேஜ் எல்லை மீறாமல் பிடிக்கிறது, அங்கிருந்து ஃபியூஸ் வழியாக பேட்டரிக்குப் போய், எர்த் (வண்டியின் உலோக உடல்) வழியாகத் திரும்புகிறது. இதில் எங்கு அறுந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: பேட்டரி இறங்குகிறது.

பாதி செத்த பேட்டரியோடு சோதிப்பது

பேட்டரி மேல் பழி போட்டு மாற்றுவது தவறு என்றேன். அதைப் பரிசோதிக்காமலே மற்ற பாகங்களுக்குத் தாவுவதும் அதே அளவு தவறு. இறங்கிப்போன பேட்டரி, வரும் கரன்ட்டையெல்லாம் விழுங்கி வோல்ட்டேஜைக் கீழே இழுத்து வைக்கும். ஸ்டேட்டரும் ரெகுலேட்டரும் நன்றாக இருந்தாலும் மீட்டர் குறைவாகவே காட்டும். ஆகவே முதல் வேலை, பேட்டரியைக் கழற்றி வெளி சார்ஜரில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளப்பது. 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்ட வேண்டும். 10.5க்குப் பக்கத்தில் நின்றால் ஆறு செல்களில் ஒன்று போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒரு செல்லின் பங்கு சுமார் 2.1 வோல்ட்.

சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டுவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். செல்ஃப் அழுத்தும்போதும் மீட்டரைப் பாருங்கள். 9.5க்குக் கீழே விழுந்தால், ஓய்வில் 12.7 காட்டிய பேட்டரியாக இருந்தாலும் அது சுமை தாங்காது. டெர்மினல் போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால், மீட்டர் முனையை ஒயரின் கண்ணியில் வைக்காமல் பேட்டரியின் ஈயத் துருத்தலிலேயே வையுங்கள்.

ஐடிலில் அளந்து தீர்ப்பு சொல்வது

பழைய வண்டிகளின் ஸ்டேட்டர்கள் ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாத நிலையில்) மிகக் குறைவாகத்தான் கொடுக்கும். ஹெட்லைட் எரிய, ஐடிலில் 12.5 காட்டினால் பதறத் தேவையில்லை. ஆக்சிலரேட்டரை முறுக்கி 4000, 5000 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள். அப்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஹெட்லைட்டை அணைத்து ஒரு முறை, ஹை பீமில் ஒரு முறை என இரண்டும் தேவை. லைட் இல்லாமல் 14 வந்து, லைட் போட்டதும் 12.8க்குச் சரிந்தால், அது சார்ஜிங் முழுதாக நின்றுபோன கேஸ் அல்ல. ஸ்டேட்டரின் மூன்று ஃபேஸ்களில் (ஏசி வரும் மூன்று தனி வரிசைகளில்) ஒன்று வராமலிருக்கலாம், அல்லது வழியில் எங்கோ தடை இருக்கலாம்.

அளவு குறைவாக இருந்தால்தான் கோளாறு என்று நினைப்பதும் பரவலாக உண்டு. 15ஐத் தாண்டினால் அது இன்னும் ஆபத்து. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும், பக்கங்கள் உப்பும், பல்புகள் அடுத்தடுத்துப் போகும். உடனே ரெகுலேட்டரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். சில ரெகுலேட்டர்களில் வோல்ட்டேஜை உணர்வதற்கென்றே தனி ஒயர் உண்டு. அது இக்னிஷன் ஸ்விட்ச் வழியாக வரும். தேய்ந்த ஸ்விட்ச் ஒரு வோல்ட்டைத் தின்றால், பேட்டரி ஒரு வோல்ட் குறைவாக இருக்கிறது என்று ரெகுலேட்டர் நம்பி, அதை ஈடுகட்ட அந்த அளவுக்குக் கூடுதலாக ஏற்றும். அங்கே தேவைப்படுவது புது ரெகுலேட்டர் அல்ல. சுத்தமான ஒரு ஸ்விட்ச்.

கப்ளர்களைப் பார்க்காமல் விடுவது

இருபது முப்பது வருடம் ஓடிய வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது காயிலையோ ரெகுலேட்டரையோ அல்ல, அவற்றுக்கு நடுவே ஒயர்களை இணைக்கும் கப்ளரைத்தான். ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று ஒயர்கள், பல ஜப்பானிய வண்டிகளில் மூன்றும் மஞ்சள், ஒரு பிளாஸ்டிக் கப்ளரில் சேரும். வண்டியிலேயே தொடர்ந்து அதிகக் கரன்ட் ஓடும் இணைப்புகளில் அதுவும் ஒன்று. ஈரம் புகுந்து களிம்பு பூத்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு. சூட்டில் பின்னின் பிடிப்பு தளரும். பிடிப்பு தளர்ந்தால் தடை இன்னும் கூடும். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் கதை அங்கேயே தெரிந்துவிடும்.

இதைப் பார்த்தவர்களும் செய்யும் தவறு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி செருகிவிடுவது. சூட்டில் ஸ்பிரிங் தன்மையை இழந்த பின் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இறுக்கிப் பிடிக்காது, மறுபடி கருகும். கருகிய பகுதியை வெட்டி எறியுங்கள். இன்சுலேஷனுக்குள் செம்பு கறுத்திருக்கிறதா என்று பார்த்து, பளிச்சென்ற செம்பு வரும் வரை பின்னால் வெட்டி, சரியான கிரிம்பிங் கருவியால் புது டெர்மினல் போடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது சில மாதத்தில் அதே இடத்துக்குத்தான் கொண்டுவந்து விடும்.

கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் இணைப்பும் வோல்ட்டேஜைத் தின்னலாம். அதைப் பிடிக்கும் சோதனையைப் பலரும் செய்வதே இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம், ஏனென்றால் இவ்வளவு எளிதாக இவ்வளவு சொல்லும் சோதனை வேறு இல்லை. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ரெகுலேட்டரின் பாசிட்டிவ் வெளியீட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். இன்ஜினை ஓட விட்டு, ஹெட்லைட் போட்டு, ஆர்பிஎம்மை உயர்த்துங்கள். வழியில் தொலையும் வோல்ட்டேஜை மீட்டர் நேரடியாகக் காட்டும். 0.2 என்றால் நல்லது. 0.5க்கு மேல் போனால் இடையில் உள்ள ஃபியூஸ், கப்ளர், இக்னிஷன் ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாக முனையை நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் குதிக்கிறதோ அங்கேதான் நோய். கண்ணாடி ஃபியூஸ் மாட்டும் பழைய கவ்விகள் இதில் அடிக்கடி மாட்டும்: ஃபியூஸ் நன்றாக இருக்கும், கவ்வி தளர்ந்திருக்கும்.

இதே சோதனையை நெகட்டிவ் பக்கமும் செய்ய வேண்டும்: ரெகுலேட்டரின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே. எர்த் பக்கத்தைச் சோதிக்காமல் விடுவதால் வீணாகும் பாகங்கள் ஏராளம். குறிப்பாக, ஃபிரேமைப் புதிதாக பெயின்ட் அடித்து, அழகாகப் புதுப்பித்த வண்டிகள். சில ரெகுலேட்டர்களுக்கு எர்த் ஒயரே கிடையாது. ரெகுலேட்டர் உடலின் உலோகமே எர்த். போல்ட் இறங்கும் இடத்தில் பெயின்ட் பூசிவிட்டால் கரன்ட் திரும்பும் வழி அடைபட்டுவிடும். அந்த இடத்தை மட்டும் சுரண்டி வெறும் உலோகமாக்கி மாட்டுங்கள், அல்லது பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு தனி ஒயர் இழுங்கள்.

காயிலை ஓம் மீட்டரால் மட்டும் சோதிப்பது

ஸ்டேட்டரின் இரண்டு மஞ்சள் ஒயர்களுக்கு நடுவே தடை பெரும்பாலும் 0.1 முதல் 1 ஓம் வரைதான். சாதாரண மீட்டரின் ஒயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழிக்காவிட்டால் அளவீட்டுக்குப் பொருளே இல்லை. கழித்தாலும், காயிலில் சில சுற்றுகள் தமக்குள் ஷார்ட் ஆகியிருப்பதை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காமல் போகலாம். ஒயர் எதற்கும் இன்ஜின் உடலோடு தொடர்பு இருக்கக் கூடாது என்பதை மட்டும் இது தெளிவாகச் சொல்லும். தொடர்பு இருந்தால் காயில் எர்த் ஆகிவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

நம்பத்தக்க சோதனை வேறு. இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டேட்டர் கப்ளரைக் கழற்றுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றுங்கள். டிசியிலேயே விட்டுவிட்டு "ஒன்றுமே வரவில்லை, காயில் போச்சு" என்று முடிவு கட்டுவதும் நடக்கிறது. ஸ்டார்ட் செய்து 5000 ஆர்பிஎம்மில் மூன்று ஜோடிகளையும் அளங்கள். பல வண்டிகளில் 50 முதல் 70 வோல்ட் வரை வரும். துல்லியமான எண்ணுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். எண்ணைவிட முக்கியம், மூன்றும் ஏறக்குறைய சமமாக இருப்பது. இரண்டு 60ம் ஒன்று 35மாக இருந்தால் காயில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த முனைகளில் கை படக் கூடாது, ஷாக் அடிக்கும்.

வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டும் சோதித்து விடாதீர்கள். வார்னிஷ் உரிந்த காயில் குளிரில் நன்றாக நடந்துகொண்டு, எண்ணெய் கொதிக்கும் சூட்டில் ஷார்ட் ஆகும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி அளங்கள்.

ரெகுலேட்டரில் பாதியை மட்டும் சோதிப்பது

மீட்டரின் டையோடு நிலையில் ரெக்டிஃபையரைப் பரிசோதிப்பது நல்ல வழக்கம். ஒரு திசையில் 0.4 முதல் 0.6 வரை, மறுதிசையில் ஓஎல் (கரன்ட் போகவில்லை என்பதற்கான குறி). ஆறு டையோடுகளும் (கரன்ட்டை ஒரு திசையில் மட்டும் விடுபவை) இப்படியே காட்டினால் ரெக்டிஃபையர் சரி என்று பெரும்பாலும் நம்பலாம். அதே டப்பாவுக்குள் இருக்கும் ரெகுலேட்டர் பகுதியைப் பற்றி இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது. ஸ்டேட்டர் நன்றாக இருந்து, இணைப்புகளில் வோல்ட்டேஜ் தொலையாமல் இருந்து, பேட்டரியில் மட்டும் அளவு தவறாக வந்தால்தான் ரெகுலேட்டர் மேல் உறுதியாகக் கை வைக்கலாம். கருகிய காயிலோடு புது ரெகுலேட்டர் மாட்டினால் அதுவும் கெட வாய்ப்பு உண்டு.

இங்கே இன்னொரு தவறான நம்பிக்கை: லைட்டை அணைத்து ஓட்டினால் காயிலுக்கு ஓய்வு கிடைக்கும் என்பது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஷன்ட் வகை ரெகுலேட்டர். தேவைக்கு மிஞ்சிய கரன்ட்டை அது ஸ்டேட்டருக்கே ஷார்ட் செய்து திருப்பி விடுகிறது. நீங்கள் லைட்டை அணைத்தாலும் காயிலில் கரன்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும், சூடும் குறையாது. காயில் உண்மையில் குளிர்ந்து ஓட வேண்டுமானால் தேவையில்லாதபோது இணைப்பையே துண்டிக்கும் சீரீஸ் வகை ரெகுலேட்டர் வேண்டும். எதை மாட்டினாலும் காற்று படும் இடத்தில் மாட்டுங்கள்.

எல்லா வண்டியும் ஒன்று என்று எண்ணுவது

மேலே சொன்ன ஏசி அளவுகள் நிலைக்காந்த ஸ்டேட்டருக்கானவை. 1969இல் வந்த ஹோண்டா சிபி 750இல் காந்தப்புலத்தை உண்டாக்குவதே ஒரு ஃபீல்ட் காயில். அதற்குக் கரன்ட் போகாவிட்டால் எதுவும் உற்பத்தியாகாது. பிஎம்டபிள்யூவின் காற்றால் குளிரும் பழைய பாக்ஸர் வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் பக்கம் எரியும் சார்ஜ் எச்சரிக்கை பல்பு வழியாகத்தான் ரோட்டருக்கு (ஆல்டர்னேட்டரின் சுழலும் காயில்) முதல் கரன்ட் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜும் நின்றுவிடலாம். சாவி போட்டதும் அந்த பல்பு எரிகிறதா என்று பார்க்காமல் ஆல்டர்னேட்டரைப் பிரிப்பது வீண் வேலை. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பழக்க தோஷத்தில் பேட்டரியை மாற்றி மாட்டினால் டையோடுகள் நொடியில் போய்விடும். 6 வோல்ட் வண்டியில் 14ஐத் தேடக் கூடாது. 7க்குச் சற்று மேல் வந்தால் சரி. சில சிறிய வண்டிகளில் ஹெட்லைட் தனிக் காயிலிலிருந்து நேராக ஏசியில் எரியும், அதன் வெளிச்சத்தை வைத்து பேட்டரி சார்ஜ் ஆகிறது என்று சொல்ல முடியாது.

எந்த வகையாக இருந்தாலும், இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையை விட்டுவிடுங்கள். பேட்டரி இல்லாதபோது வோல்ட்டேஜ் எகிறி சிடிஐ யூனிட்டையும் (இக்னிஷன் பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) பல்புகளையும் ரெகுலேட்டரையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

சார்ஜிங் எல்லாம் சரி, 14.2 நிற்கிறது, ஆனாலும் இரவு நிறுத்திவிட்டுக் காலையில் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது என்றால் கோளாறு சார்ஜிங்கில் இல்லை, கசிவில். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் நிலையில், 10 ஆம்பியர் துளையில் செருகி மாட்டுங்கள். பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு நேராக வைத்தால் மீட்டரின் ஃபியூஸ் போகும், தீப்பொறியும் பறக்கும். மீட்டர் நடுவே இருக்கும்போது செல்ஃபைத் தொடாதீர்கள். கடிகாரமோ அலாரமோ இல்லாத பழைய வண்டியில் ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். அதற்கு மேல் வந்தால் முதலில் ரெகுலேட்டர் கப்ளரைக் கழற்றுங்கள். எண் விழுந்துவிட்டால் டையோடு கசிகிறது. விழாவிட்டால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுக்கும்போது விழுகிறதோ, அந்த ஃபியூஸ் போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள்.